கையொப்பம் போட்டாச்சு என்கிறார்கள், பிடிஎஃப்பில் காணோம் (எஸ்தோனியாவில் இருந்து வந்த கன்டெய்னர் கோப்பு)

#1 மண்ணடிக்_கணக்கு | திங்கள், காலை 11:20

எல்லோருக்கும் வணக்கம். மண்ணடியில் ஒரு சின்ன மர இறக்குமதி அலுவலகத்தில் கணக்கும் பேப்பர் வேலையும் பார்க்கிறேன். முதல் தடவையாக எஸ்தோனியாவில் இருந்து பிர்ச் பிளைவுட் எடுக்கிறோம். முன்பணம் அனுப்ப, இரண்டு தரப்பும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் வேண்டும் என்று பேங்கில் கேட்டார்கள்.

எஸ்தோனியத் தலைநகர் தாலினில் இருந்து, விற்பவர் மெயிலில் ஒரு கோப்பு அனுப்பினார். பெயரின் வால் ஏ.எஸ்.ஐ.சி.இ என்று இருக்கிறது. டபுள் கிளிக் செய்தால் எதில் திறப்பது என்று விண்டோஸ் என்னைக் கேட்கிறது. பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பையன் வந்து, வாலை ஜிப் என்று மாற்றித் திறந்து கொடுத்தான். உள்ளே ஒப்பந்தம், விலைப் பட்டியல் என்று இரண்டு பிடிஎஃப். அப்புறம் மெட்டா-இன்ஃப் என்று ஒரு ஃபோல்டர். பிடிஎஃப் இரண்டையும் பேங்குக்கு அனுப்பினேன். "இதில் கையொப்பமே இல்லையே" என்று திருப்பிவிட்டார்கள். தாலின்காரரைக் கேட்டால் போட்டாச்சு என்று அடித்துச் சொல்கிறார். முதலாளி என்னை முறைக்கிறார். யார் சொல்வது சரி?

#2 செகண்ட்_லைன் | திங்கள், காலை 11:48

பிடிஎஃப்பை அடோபி ரீடரில் திறந்து இடது பக்கம் சிக்னேச்சர் பேனலைப் பாருங்கள். மஞ்சள் கேள்விக்குறி இருந்தால் சான்றிதழை 'நம்பு' என்று சேர்த்துவிட்டால் பச்சை ஆகிவிடும். ஆதார் பிடிஎஃப்புக்கு எல்லோரும் செய்வதுதான்.

#3 காலடிப்பேட்டை | திங்கள், மதியம் 12:15

செகண்ட் லைன் அண்ணா, அந்த வைத்தியம் இந்த நோய்க்கு இல்லை. அவருடைய பிடிஎஃப்பில் கேள்விக்குறி வராது, பேனலே காலியாக இருக்கும். கையொப்பம் பிடிஎஃப்புக்குள் கிடையாது, பக்கத்தில் அந்த மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு பிடிஎஃப்பை மட்டும் பேங்குக்கு அனுப்பியிருக்கிறார்.

மண்ணடி சார், பேங்க் சொன்னதும் சரி, தாலின் சொன்னதும் சரி. வந்தது ஏசிக் எனும் கன்டெய்னர், ஐரோப்பியத் தர அமைப்பான எட்ஸி வகுத்த வடிவம். அடிப்படையில் அது ஒரு ஜிப். முதலில் 'மைம்டைப்' என்ற குட்டிக் கோப்பு, இது என்ன வகைப் பெட்டி என்று சொல்ல. பிறகு நீங்கள் பார்த்த பிடிஎஃப்கள். மெட்டா-இன்ஃபுக்குள் மேனிஃபெஸ்ட் என்றொரு எக்ஸ்எம்எல், சிக்னேச்சர்ஸ்0 என்றொரு எக்ஸ்எம்எல். இரண்டு பேர் கையொப்பமிட்டால் சிக்னேச்சர்ஸ்1 என்று இன்னொன்றும் இருக்கும்.

முதலில் மெயிலில் இருக்கும் அசலை, வாலை மாற்றாமல், தனி ஃபோல்டரில் இறக்கி வையுங்கள். ஜிப்பாகப் பிரித்ததை மறுபடி ஜிப் செய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். மைம்டைப் முதலில், சுருக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பது விதி. விண்டோஸுக்கு அந்தக் கவலை கிடையாது, இஷ்டத்துக்கு அடுக்கிவிடும்.

அடுத்து டிஜிடாக்4 என்ற மென்பொருள். எஸ்தோனிய அரசு இலவசமாகத் தருவது. கையொப்பமிடத்தான் அவர்கள் ஊர் மின் அடையாளம் வேண்டும். திறந்து பார்க்க எதுவும் வேண்டாம்.

(நான் நான்கு வருடம் ஒரு நிறுவனத்துக்காக இந்தக் கோப்புகளைச் சோதிக்கும் வேலை பார்த்தவள். திருவொற்றியூரில் உட்கார்ந்துகொண்டு தாலின்காரர்களின் கையொப்பத்தை நோண்டியிருக்கிறேன். வீட்டில் கேட்டால் என்ன வேலை என்று சொல்லவே முடியாது.)

#4 பீச்_ஸ்டேஷன் | திங்கள், மதியம் 1:02

கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ்காரன் நான். கன்டெய்னர், மேனிஃபெஸ்ட் என்று நம்ம துறைமுகப் பேச்சாகவே இருக்கிறதே! அப்படியென்றால் அந்த எக்ஸ்எம்எல்தான் சீல். கதவில் போல்ட் சீல் நம்பர் சரியாக இருந்தால் உள்ளே சரக்கு பத்திரம். சரிதானே மேடம்?

#5 காலடிப்பேட்டை | திங்கள், மதியம் 1:30

பாதி சரி சார். மீதிப் பாதியில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

உங்கள் போல்ட் சீல் கதவில் இருக்கிறது. அதை உடைக்காமல் உள்ளே ஒரு பெட்டிகூட ஏற்ற முடியாது. ஏசிக் பெட்டிக்குக் கதவில் சீலே கிடையாது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம், மூடலாம், புதிதாக ஒன்றை உள்ளே வைக்கலாம். சீல் இருப்பது ஒவ்வொரு சரக்கின் மேலும்.

சிக்னேச்சர்ஸ்0 கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், கடிக்காது. மேலே 'சைன்ட்-இன்ஃபோ' என்ற பகுதியில் வரிசையாக 'ரெஃபரன்ஸ்' என்று வரும். ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பின் பெயரும் அந்தக் கோப்பின் ஹேஷும் (உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான எண்) இருக்கும். கையொப்பக்காரரின் பெயர், சான்றிதழ், நேரம் எல்லாம் சேர்ந்த பகுதிக்கும் ஒரு ரெஃபரன்ஸ் உண்டு. கையொப்பமிடுபவரின் தனிச்சாவி (அவரிடம் மட்டும் இருக்கும் ரகசிய எண்) பூட்டுவது இந்தப் பட்டியலை. பிடிஎஃப்பில் ஒரு கமா மாறினாலும் அதன் ஹேஷ் மாறும், பட்டியலோடு ஒத்துப்போகாது. பட்டியலைத் திருத்தினால் கையொப்பமே செல்லாமல் போகும்.

ஆனால் பட்டியலில் பெயரே இல்லாத கோப்பைப் பற்றி அந்தக் கையொப்பத்துக்கு எதுவும் தெரியாது. அதனால் 'கையொப்பம் செல்லுமா' என்று கேட்டதோடு நிறுத்தாமல் 'எதன்மேல் போட்டது' என்றும் கேட்க வேண்டும்.

#6 டோக்கன்_அக்கா | திங்கள், மாலை 4:10

தம்புச் செட்டித் தெருவில் டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்) எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. நம்ம ஊர் நிலவரமும் சொல்கிறேன், குழப்பிக்கொள்ளாமல் இருக்க.

இங்கே தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. சான்றளிக்கும் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுப்பது சிசிஏ எனும் கட்டுப்பாட்டாளர். கிளாஸ் 2 சான்றிதழை 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள், இப்போது கிளாஸ் 3தான், யுஎஸ்பி டோக்கனில் வரும். அங்கே ஐடாஸ் என்ற ஐரோப்பிய ஒழுங்குமுறை, 910/2014, 2016 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு நாடும் தன் நம்பகப் பட்டியலை வெளியிடும். அந்தப் பட்டியல்களுக்கெல்லாம் ஒரு தலைமைப் பட்டியல் உண்டு. எஸ்தோனியச் சான்றிதழ் அங்கே கிடைக்கும், நம்ம சிசிஏ பட்டியலில் கிடைக்காது. நம்ம டோக்கன் கையொப்பத்தை அவர்களுடைய கருவியில் போட்டாலும் இதே கதைதான், 'முடிவு சொல்ல இயலவில்லை' என்று வரும். பொய்க் கையொப்பம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. வேர் (சான்றிதழுக்குப் பின்னால் இருக்கும் தலைமை நிறுவனம்) அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மின்னணு முறையில் செய்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது, நம்ம சட்டத்தில் 10ஏ பிரிவு. பேங்க்காரர் அதைப் படித்திருக்கிறாரா என்பது வேறு விஷயம்.

#7 மண்ணடிக்_கணக்கு | திங்கள், மாலை 6:35

டிஜிடாக் போட்டுவிட்டேன். திறந்தது! ஒரு கையொப்பம், பச்சை, செல்லும் என்று காட்டுகிறது. படம் இணைத்திருக்கிறேன். பெயருக்குப் பக்கத்தில் 11 இலக்கத்தில் ஏதோ எண். போன் நம்பரா அது?

இன்னொரு சந்தேகம். கையொப்ப நேரம் காலை 7:05 என்று எக்ஸ்எம்எல்லில் இருக்கிறது. அன்று பதினொரு மணிக்குத்தான் போனில் விலையே பேசி முடித்தோம். விலை முடிவதற்கு முன்னாலேயே கையொப்பமா?

#8 நெறியாளர் | திங்கள், மாலை 6:41

படத்தை நீக்கியிருக்கிறேன். அதில் ஒருவரின் தனிநபர் எண் இருந்தது.

#9 காலடிப்பேட்டை | திங்கள், இரவு 8:20

நெறியாளருக்கு நன்றி. அது எஸ்தோனியத் தனிநபர் அடையாள எண். முதல் இலக்கம் பாலினமும் நூற்றாண்டும், அடுத்த ஆறு பிறந்த தேதி. அந்த ஊரில் சான்றிதழிலேயே பெயரோடு சேர்த்துப் போடுவார்கள், நம்ம பழக்கம் அப்படி இல்லை. எப்படியானாலும் பொதுவில் போட வேண்டாம்.

நேரம்: 7:05-க்குப் பின்னால் 'இசட்' என்று ஓர் எழுத்து இருக்கும் பாருங்கள். அது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டுங்கள், மதியம் 12:35. உங்கள் பேச்சு முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் போட்டிருக்கிறார், மானம் காப்பாற்றப்பட்டது.

ஆனால் அந்த நேரத்தையும் அப்படியே நம்பாதீர்கள். 'சைனிங் டைம்' என்று இருப்பது கையொப்பமிட்டவரின் கணினிக் கடிகாரம் சொன்ன நேரம். கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் அதுவும் பின்னுக்குப் போகும். அதே எக்ஸ்எம்எல்லின் கீழ்ப்பகுதியில் டைம்ஸ்டாம்ப் ஒன்று தனியாக இருக்கும். கையொப்பம் விழுந்த பிறகு, அதன் ஹேஷை மூன்றாவது ஆள் ஒருவர் வாங்கி நேரம் குறித்துக் கையொப்பமிட்டுத் தருவது. அதோடு ஓசிஎஸ்பி பதிலும் ஒட்டியிருக்கும். சான்றிதழ் ரத்தாகவில்லை என்று சான்றிதழ் நிறுவனம் அப்போதே சொன்ன வாக்குமூலம் அது. டிஜிடாக்கில் கையொப்ப விவரத்தைத் திறந்தால் இரண்டின் நேரமும் தெரியும்.

இது ஏன் முக்கியம் என்றால், அடுத்த வருடம் அவருடைய சான்றிதழ் காலாவதியானாலோ ரத்தானாலோ இந்தக் கையொப்பத்துக்கு ஒன்றும் ஆகாது. போட்ட நேரத்தில் உயிரோடு இருந்ததா என்பதுதான் கேள்வி, அதற்கான ஆதாரம் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. 2017-இல் எஸ்தோனியாவில் சுமார் 7.5 லட்சம் அடையாள அட்டைகளின் சிப்பில் சாவி உருவாக்கும் முறையில் ஓட்டை கண்டுபிடித்து, நவம்பர் 3 அன்று சான்றிதழ்களை முடக்கினார்கள். நேரத்துக்கு ஆதாரம் இல்லாத கையொப்பம் என்றால், முடக்குவதற்கு முன்பு போட்டதா பின்பு போட்டதா என்று எதை வைத்துப் பேசுவது?

#10 டோக்கன்_அக்கா | திங்கள், இரவு 8:52

நம்ம ஆதார் இ-சைன் சான்றிதழுக்கு ஆயுள் 30 நிமிடம்தான். கையொப்பம் போட்டுவிட்டு டீ குடித்து வருவதற்குள் காலாவதி. அதையும் போட்ட நேரத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். "எக்ஸ்பயர் ஆகிவிட்டது மேடம், செல்லாது" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது என் கடைக்கு வருகிறார்கள்.

#11 மண்ணடிக்_கணக்கு | செவ்வாய், காலை 10:05

ரொம்ப நன்றி. பேங்குக்கு இந்த முறை கன்டெய்னரையே அனுப்பிவிடுகிறேன். இரண்டு வந்திருக்கிறது, எதை அனுப்புவது? போன வெள்ளிக்கிழமை அதே பெயரில் இன்னொன்றும் வந்தது, அதில் மூன்று பிடிஎஃப். கடைசியில் வந்ததுதானே சரியானது?

#12 காலடிப்பேட்டை | செவ்வாய், காலை 10:09

எதையும் அனுப்பாதீர்கள். அந்த மூன்றாவது பிடிஎஃப்பில் என்ன இருக்கிறது?

#13 மண்ணடிக்_கணக்கு | செவ்வாய், காலை 10:17

பணம் செலுத்தும் விவரம். பேங்க் கணக்கு எண் மாறியிருக்கிறது. பழையது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், புதியது இதில்.

#14 பீச்_ஸ்டேஷன் | செவ்வாய், காலை 10:20

ஐயோ. தம்பி, கையை கீபோர்டில் இருந்து எடு.

#15 காலடிப்பேட்டை | செவ்வாய், காலை 10:41

பதற வேண்டாம், பார்க்கலாம். இரண்டு கன்டெய்னரின் நகலையும் தனித்தனி ஃபோல்டரில் பிரியுங்கள். இரண்டிலும் உள்ள சிக்னேச்சர்ஸ்0 கோப்பை ஒப்பிடுங்கள். அளவு, டைம்ஸ்டாம்ப் நேரம், ரெஃபரன்ஸ் எத்தனை. இரண்டாவதை டிஜிடாக்கிலும் திறந்து என்ன சொல்கிறது என்று எழுதுங்கள்.

ஹேஷ் சரிபார்க்க ஆசை இருந்தால் விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் 'சர்ட்யூட்டில்' என்ற கருவி உண்டு. கோப்பின் பெயரைக் கொடுத்து ஷா256 (ஹேஷ் கணக்கிடும் ஒரு முறை) கேளுங்கள்.

#16 மண்ணடிக்_கணக்கு | செவ்வாய், காலை 11:30

சிக்னேச்சர்ஸ்0 இரண்டிலும் ஒன்றேதான். அளவும் நேரமும் அப்படியே. ரெஃபரன்ஸில் ஒப்பந்தம், விலைப் பட்டியல் இரண்டின் பெயர்தான் இருக்கிறது. மூன்றாவதின் பெயர் எங்கேயும் இல்லை. டிஜிடாக்கில் இரண்டாவது கன்டெய்னர் சிவப்பு காட்டுகிறது.

ஆனால் முதல் கன்டெய்னரிலேயே ஒரு கோளாறு. சர்ட்யூட்டில் கொடுக்கும் ஹேஷ் 64 எழுத்து, எல்லாம் எண்ணும் ஏ முதல் எஃப் வரையும். எக்ஸ்எம்எல்லில் இருப்பது 44 எழுத்து, கடைசியில் சமக்குறி. ஒத்துப்போகவே இல்லை. அதுவும் போலியா?

#17 காலடிப்பேட்டை | செவ்வாய், காலை 11:44

இல்லை. இரண்டும் ஒரே 32 பைட்டுகள், எழுதும் முறை வேறு. சர்ட்யூட்டில் ஹெக்ஸில் எழுதுகிறது, எக்ஸ்எம்எல்லில் பேஸ்64. ஹெக்ஸை பேஸ்64 ஆக மாற்றிப் பாருங்கள், ஒத்துப்போகும். நானும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதே 'போலி'யைக் கண்டுபிடித்து மேலதிகாரிக்கு மெயில் போட்டவள்தான்.

இரண்டாவது கன்டெய்னரில் நடந்தது இதுதான்: கையொப்பமான பெட்டியை யாரோ ஜிப் கருவியில் திறந்து ஒரு பிடிஎஃப்பைச் செருகியிருக்கிறார்கள். டிஜிடாக்கில் செய்திருக்க முடியாது, கையொப்பம் விழுந்த பெட்டியில் கோப்பு சேர்க்க அது விடாது. எஸ்தோனிய விதிப்படி பெட்டியில் இருக்கும் எல்லாக் கோப்பும் ஒவ்வொரு கையொப்பத்திலும் இருந்தாக வேண்டும், அதனால்தான் சிவப்பு. எல்லாக் கருவியும் இவ்வளவு கறாராக இருக்கும் என்று சொல்ல முடியாது. சிலவற்றில் கையொப்பம் சரி என்று வந்து, கீழே அது எந்தெந்தக் கோப்புக்குப் பொருந்தும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைப் படிக்காதவர்தான் பணம் அனுப்புவார்.

இப்போது தாலினுக்குப் போன் போடுங்கள். வெள்ளிக்கிழமை மெயிலில் இருக்கும் எண்ணுக்கு வேண்டாம், நீங்கள் முன்பே பேசிய எண்ணுக்கு.

#18 செகண்ட்_லைன் | செவ்வாய், மதியம் 12:10

ஐரோப்பிய ஆணையம் ஆன்லைனில் ஒரு சரிபார்ப்புக் கருவி வைத்திருக்கிறதாமே, டிஎஸ்எஸ் என்று. அதில் ஏற்றிப் பார்க்கலாமா?

#19 காலடிப்பேட்டை | செவ்வாய், மதியம் 12:25

நல்ல கருவி, திறந்த மூலம். 'முழுதும் தேறியது', 'முழுதும் தவறியது', 'முடிவு சொல்ல இயலாது' என்று மூன்றில் ஒன்றைச் சொல்லி, காரணமும் தரும். ஆனால் ஆன்லைனில் இருப்பது செய்துகாட்டும் பதிப்பு. வியாபார ஒப்பந்தத்தை அதில் ஏற்ற நான் சொல்ல மாட்டேன். டிஜிடாக் இந்த வகைக் கோப்பை உங்கள் கணினியிலேயே சரிபார்க்கிறது, அது போதும்.

#20 மண்ணடிக்_கணக்கு | செவ்வாய், மாலை 5:50

பேசியாச்சு. திருடன் இல்லை! அங்கே கணக்குப் பார்க்கும் பெண் செய்த வேலை. அவர்கள் நிஜமாகவே பேங்க் மாற்றியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் பழைய கணக்கு எண்ணே இருந்துவிட்டதே என்று, அந்தப் பெண் பெட்டியைத் திறந்து புதுக் கடிதத்தை உள்ளே போட்டு அனுப்பிவிட்டாராம். "கையொப்பம் உள்ளே இருக்கிறதே, அதோடு சேர்த்து வைத்தால் அதற்கும் சேரும் என்று நினைத்தேன்" என்றார். அவரைத் திட்ட மனம் வரவில்லை, நானும் வாலை ஜிப் ஆக்கியவன்தானே.

#21 பீச்_ஸ்டேஷன் | செவ்வாய், மாலை 6:15

நல்லதாகப் போயிற்று. இன்னொன்று. கையொப்பம் போட்டவர் யார்? கம்பெனியில் என்ன பதவி? டெலிவரி ஆர்டரில் வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டால் கையெழுத்து உண்மைதான், சரக்கு வெளியே வராது.

#22 காலடிப்பேட்டை | செவ்வாய், இரவு 7:00

இதை நானே முதலில் கேட்டிருக்க வேண்டும். சான்றிதழ் சொல்வது 'இந்தத் தனிநபர்' என்று மட்டும். கம்பெனி சார்பாகப் போட அவருக்கு அதிகாரம் உண்டா என்று எந்தப் பச்சை டிக்கும் சொல்லாது. கையொப்பத்தில் 'பொறுப்பு' என்று ஓர் இடம் இருக்கிறது, ஆனால் அதில் கையொப்பமிடுபவர் தானே தட்டச்சு செய்வதுதான். 'மகாராஜா' என்றுகூட எழுதலாம். கம்பெனி பெயரிலேயே வரும் இ-சீல் வேறு வகை, அதில் தனிநபர் இருக்க மாட்டார்.

எஸ்தோனிய வணிகப் பதிவேடு ஆன்லைனில் திறந்திருக்கிறது. கம்பெனி பெயரைப் போட்டால் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் யார் என்று வரும். சேர்ந்துதான் கையொப்பமிட வேண்டும் என்று பதிவில் குறிப்பு இல்லாவிட்டால் ஓர் உறுப்பினர் தனியாகப் போட்டாலே செல்லும்.

#23 மண்ணடிக்_கணக்கு | புதன், மதியம் 3:20

பார்த்தேன். முதலில் போட்டவர் விற்பனை மேலாளர், பதிவேட்டில் பெயர் இல்லை. கேட்டதும் மறு பேச்சில்லாமல், புதுக் கணக்கு எண்ணோடு ஒப்பந்தத்தைத் திருத்தி, நிர்வாகக் குழு உறுப்பினரே கையொப்பமிட்டுப் புதுக் கன்டெய்னர் அனுப்பிவிட்டார்கள். இரண்டு கோப்பு, இரண்டுக்கும் ரெஃபரன்ஸ், பச்சை. ஹேஷையும் பேஸ்64-க்கு மாற்றிப் பார்த்தேன், 44 எழுத்தும் ஒத்துப்போனது. கணக்கு எண்ணைப் போனிலும் ஒரு தடவை படிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன்.

எங்கள் பக்கக் கையொப்பத்துக்கு என்ன செய்வது அக்கா? அதே பெட்டியில் முதலாளியின் டோக்கனைச் செருகிப் போட முடியுமா?

#24 டோக்கன்_அக்கா | புதன், மாலை 4:05

அந்த மென்பொருளில் நம்ம டோக்கனோடு மல்லுக்கட்டாதீர்கள். உள்ளே இருக்கும் ஒப்பந்த பிடிஎஃப்பின் நகலை எடுத்து, அதில் முதலாளியின் டோக்கனைப் போட்டு, தனியாக அவர்களுக்கு அனுப்புங்கள். அவர்கள் கையொப்பம் பெட்டியில், உங்கள் கையொப்பம் பிடிஎஃப்பில். இரண்டும் ஒரே வாசகத்தின் மேல் என்று மெயிலில் ஒரு வரி எழுதிவிடுங்கள். நகலில் டோக்கன் போட்டதும் அதன் ஹேஷ் மாறிவிடும், அதனால் அதை எடுத்துப் பெட்டிக்குள் திரும்ப வைத்துத் தொலைக்காதீர்கள்.

#25 மண்ணடிக்_கணக்கு | வெள்ளி, மாலை 5:15

பேங்கில் ஏற்றுக்கொண்டார்கள். கன்டெய்னர், எங்கள் பிடிஎஃப், டிஜிடாக் திரையில் அச்சடித்த கையொப்ப விவரத் தாள். அந்தத் தாளில் எங்கள் ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கையெழுத்தும் போடச் சொன்னார்கள். போட்டுக் கொடுத்தேன்.

கடைசியாக ஒன்று. கோப்பின் பெயர் நீளமாக, எஸ்தோனிய மொழியில் இருக்கிறது. முதலாளி 'பிளைவுட் ஃபைனல்' என்று மாற்றி வைக்கச் சொல்கிறார். கையொப்பம் கெட்டுவிடுமா?

#26 காலடிப்பேட்டை | வெள்ளி, மாலை 5:32

கன்டெய்னரின் வெளிப்பெயரை என்ன வேண்டுமானாலும் வைக்கலாம், கையொப்பத்துக்கு அது தெரியாது. உள்ளே இருக்கும் பிடிஎஃப் பெயர் ரெஃபரன்ஸில் எழுதியிருக்கிறது, அதை மாற்றினால் கையொப்பம் தேடும் கோப்பு அங்கே இருக்காது.

#27 மண்ணடிக்_கணக்கு | வெள்ளி, மாலை 5:40

நான் கேட்பதற்குள் முதலாளியே உள்ளே போய் மாற்றிவிட்டார். பரவாயில்லை, அசல் மெயிலில் இருக்கிறது.